எட்மண்ட் பர்க்: தோல்வியில் உயர்ந்த மக்கள் பிரதிநிதி

தேர்தல் வரும்போதெல்லாம் மக்கள் வேட்பாளரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. எங்கள் ஊருக்கு என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. வென்றபின் எங்கள் பக்கம் தலைகாட்டுவீர்களா என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதனை மக்களும் கேட்பதில்லை, வேட்பாளரும் எழுப்புவதில்லை. நாங்கள் விரும்புவது தவறாக இருந்தால், அதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்வீர்களா என்பதே அது.

திருவள்ளுவர் அமைச்சு என ஓர் அதிகாரமும் தூது என ஓர் அதிகாரமும் வகுத்தார். தூதன், தன்னை அனுப்பியவனின் சொல்லை அஞ்சாது கொண்டு சேர்க்க வேண்டியவன். அமைச்சனோ, ஆள்பவன் ஏற்காவிடினும் நலம் பயப்பதை எடுத்துரைக்க வேண்டியவன். மக்களாட்சியில் ஆள்பவர் மக்களே. அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்களுக்குத் தூதரா, அமைச்சரா? இவ்வினாவிற்குத் தம் பொதுவாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் விளங்கிய எட்மண்ட் பர்க். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், எழுத்தையும் பேச்சையும் ஒருங்கே ஆண்ட அப்பெருமகனை நினைவுகூர்வது பொருத்தமுடையதாகும்.

இளமையும் கல்வியும்

பர்க் 1729ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர்; புராட்டஸ்டண்ட் சமயத்தவர். தாயார் கத்தோலிக்கர். அந்நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் வாக்களிக்கவும், அரசுப் பதவி வகிக்கவும், நிலம் வாங்கவும் இயலாதபடி சட்டங்கள் தடுத்திருந்தன. ஒரே கூரையின்கீழ் தந்தைக்கு ஒரு சட்டமும் தாய்க்கு வேறொரு சட்டமுமாக இருந்த நிலையை அவர் பிள்ளைப் பருவத்திலேயே கண்டார். இதனோடு, பாலிட்டோர் என்னும் சிற்றூரில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் நடத்திய பள்ளியில் பயின்றார். ஆக, மூன்று சமய நெறிகளின் நடுவே வளர்ந்த பிள்ளை அவர். பிறர் சமயத்தை மதிக்கும் பண்பு அவருக்கு நூல்களிலிருந்து வந்ததன்று, வீட்டிலிருந்தே வந்தது.

1744இல் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு 1747இல் நண்பர் சிலரோடு கூடி ஒரு சொற்பயிற்சிக் கழகம் தொடங்கினார். பின்னாளில் நாடாளுமன்றத்தைக் கேட்கவைத்த குரல், முதலில் ஒரு சிறு கூட்டத்தின்முன் பழகிய குரலே என்பது நம் போன்ற வட்டத்தாருக்கு மகிழ்வூட்டும் செய்தி. 1750இல் சட்டம் பயில இலண்டன் சென்றவர், அதனை இடையில் விடுத்து எழுத்தை நாடினார். விழுமியது எது, அழகியது எது என ஆராயும் அவரது நூல் 1757இல் வெளிவந்து புகழ் தேடித் தந்தது. 1764இல் ஓவியர் ரெனால்ட்சும் அகராதி கண்ட சாமுவேல் ஜான்சனும் ஒன்பது பேருடன் தொடங்கிய இலக்கியக் கழகத்தில் பர்க்கும் தொடக்க உறுப்பினர்.

நாடாளுமன்ற நுழைவு

1765இல் ராக்கிங்ஹாம் பிரபு தலைமை அமைச்சரானபோது பர்க் அவருக்குத் தனிச் செயலர் ஆனார். அவ்வாண்டு இறுதியிலேயே வெண்டோவர் தொகுதியின் உறுப்பினராகக் கீழவையில் நுழைந்தார். வெண்டோவர் ஒரு செல்வரின் கைக்குள் இருந்த தொகுதி. அங்கே அவர் சுட்டியவரே உறுப்பினர். அக்காலத் தேர்தல் முறை அத்தகையது. நிலக்கிழார்கள் தொகுதிகளைத் தம் உடைமைபோல் வைத்திருந்தனர். அறிவும் ஆற்றலும் இருந்தும் பொருள் இல்லாத பர்க் போன்றோருக்கு அந்தக் குறுக்குவழியைத் தவிர வேறு வழி இல்லை.

அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது பிரித்தானியா வரி சுமத்தியதையும் அதனால் மூண்ட பகையையும் பர்க் தொடக்கம் முதலே எதிர்த்தார். வரி விதிக்கும் உரிமை இருக்கிறதா என்று வாதிடுவதைவிட, அவ்வுரிமையைச் செலுத்துவது அறிவுடைமையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1774 ஏப்ரலில் இது குறித்து அவர் ஆற்றிய பேருரை நாடெங்கும் பேசப்பட்டது. அமெரிக்க வணிகத்தால் வாழ்ந்த ஒரு துறைமுக நகரம் அவ்வுரையைக் கூர்ந்து கேட்டது. அந்நகரமே பிரிஸ்டல்.

பிரிஸ்டல் தேர்தல்

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள பிரிஸ்டல் அந்நாளின் பெருநகரங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அங்கு வாக்குரிமை பெற்றிருந்தனர். சில பத்துப் பேரே வாக்களித்த தொகுதிகள் மலிந்திருந்த நாளில் அது பேரெண்ணிக்கை. எந்தப் பிரபுவின் கைக்குள்ளும் அடங்காத அந்நகருக்கு உறுப்பினர் இருவர்.

1774 அக்டோபரில் பொதுத்தேர்தல் நடந்தபோது, பர்க் வடக்கே யார்க்சயரில் உள்ள மால்ட்டன் தொகுதியில் ராக்கிங்ஹாம் பிரபுவின் ஆதரவால் போட்டியின்றித் தேர்வு பெற்றிருந்தார். அப்போது பிரிஸ்டல் வணிகர் சிலரிடமிருந்து அழைப்பு வந்தது. அவ்வழைப்பிற்கு முன்னின்றவர் பீங்கான் தொழில் நடத்திய ரிச்சர்டு சாம்பியன் என்னும் குவேக்கர். கையிலிருந்த எளிய வெற்றியை விட்டு, இரவு பகலாகப் பயணம் செய்து, இரண்டே நாளில் நாட்டின் மறுகோடியிலிருந்த பிரிஸ்டலை அடைந்தார் பர்க். வாக்குப்பதிவு ஏறத்தாழ ஒரு திங்கள் நீண்டது. முடிவில் 2707 வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்தில் வென்றார். அவருக்கு அடுத்து வந்து தோற்றவர் பெற்றவை 2456. முதலிடம் பெற்றவர் அமெரிக்காவில் பிறந்த வணிகர் ஹென்றி குரூகர்.

வெற்றி அறிவிக்கப்பட்ட 1774 நவம்பர் 3ஆம் நாளன்று இருவரும் மக்கள்முன் பேசினர். முதலில் பேசிய குரூகர், வாக்காளர் இடும் கட்டளைப்படியே தாம் நடப்பதாக உறுதி கூறினார். மக்களுக்கு இனித்த பேச்சு அது. அடுத்து எழுந்த பர்க்கும் அதனையே கூறி மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தொகுதி மக்களோடு இடையறாத உறவு கொள்வதும், அவர்கள் கருத்துக்குப் பெருமதிப்பளிப்பதும், தம் ஓய்வையும் இன்பத்தையும் அவர்களுக்காகத் துறப்பதும் உறுப்பினரின் கடமைகள் என்று முதலில் ஒப்புக்கொண்டார். ஆனால் தம் பகுத்தறிவையும் மனச்சான்றையும் எவருக்கும் விற்க இயலாது என்றும், அவற்றை மக்கள் விருப்பத்திற்குப் பலியிடுபவர் மக்களுக்கு ஊழியம் செய்யவில்லை, அவர்களை ஏமாற்றுகிறார் என்றும் விளக்கினார். வாதங்களைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் மன்றம் கூடி வாதிடுவதால் என்ன பயன் என்று கேட்டார். நாடாளுமன்றம் பல ஊர்த் தூதர்கள் பேரம் பேசும் சந்தையன்று, ஒரு நாட்டின் பொதுநலம் நாடும் அவை என்றார். உறுப்பினரின் இலக்கணம் கூறும் உரைகளில் இன்றளவும் முதலிடம் பெறுவது அச்சிற்றுரையே.

தொகுதிக்கு ஆற்றிய தொண்டு

மனச்சான்று பேசுபவர் ஊர்வேலை செய்யமாட்டார் என்று எண்ணுவோர் உண்டு. பர்க் விடயத்தில் அது பொருந்தாது. பிரிஸ்டல் வணிகரின் மனுக்களைச் சுமந்துகொண்டு அவர் இலண்டன் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். சுங்கம், கப்பற் பாதுகாப்பு, உரிமம் என எத்தனையோ சிறு காரியங்கள். 1775இல் சாம்பியனின் பீங்கான் காப்புரிமையை நீட்டிக்கும் மசோதா வந்தபோது, புகழ்பெற்ற வெட்ஜ்வுட் அதனை எதிர்த்தார். பர்க் முன்னின்று அம்மசோதாவை நிறைவேற்ற உதவினார். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வீதிவீதியாகச் செல்வது வழக்கம். தாமோ வெற்றி பெற்றபின் தொகுதிக்காக அலுவலக வாயில்தோறும் நின்று கேட்டதாக அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். அப்பேச்சில் கசப்பும் பெருமிதமும் கலந்திருந்தன.

நான்கு குற்றச்சாட்டுகள்

ஆறாண்டுகள் கழிந்தன. 1780இல் மீண்டும் தேர்தல் வந்தபோது பிரிஸ்டல் அவர்மீது சினம் கொண்டிருந்தது. அந்நகர் சாட்டிய குற்றங்கள் நான்கு.

முதலாவது, அவர் தொகுதிக்கு அடிக்கடி வருவதில்லை என்பது.

இரண்டாவது, அயர்லாந்து வணிகம் பற்றியது. அயர்லாந்துப் பொருள்கள் குடியேற்றங்களுக்கு நேரே செல்லவிடாமல் பழைய சட்டங்கள் தடுத்தன. 1778இல் அத்தடைகளைத் தளர்த்த மசோதாக்கள் வந்தன. தம் வணிகம் கெடும் என்று அஞ்சிய பிரிஸ்டல் வணிகர், அவற்றை எதிர்க்குமாறு பர்க்குக்குக் கட்டளையிட்டனர். பர்க் அவற்றை ஆதரித்தார். அண்டை நாடு ஏழையாக இருப்பதால் நமக்குச் செல்வம் சேராது, வாங்கும் வலிமையுள்ள அண்டை நாடே நல்ல வணிகத்துணை என்று அவர்களுக்குக் கடிதங்கள் எழுதி விளக்கினார். ஆனால் அவர்கள் இசையவில்லை.

மூன்றாவது, கடனாளிகள் பற்றியது. அந்நாளில் கடனைத் திருப்பித் தர இயலாதவரைக் கடன் கொடுத்தவர் விருப்பப்படி சிறையில் வைத்திருக்கலாம். சிறையில் கிடப்பவன் உழைத்துக் கடனை அடைப்பது எங்ஙனம்? இக்கொடுமையைத் தணிக்க பியூச்சம் பிரபு கொண்டுவந்த மசோதாவைப் பர்க் ஆதரித்தார். கடன் கொடுத்து வாணிகம் செய்த பிரிஸ்டல் கடைக்காரர்கள் வெகுண்டனர்.

நான்காவது, கத்தோலிக்கர் பற்றியது. ஆங்கிலக் கத்தோலிக்கர் நிலம் வாங்கவும் மரபுரிமை பெறவும் இருந்த தடைகளை நீக்கும் சட்டம் 1778இல் நிறைவேறியது. பர்க் அதற்குத் துணைநின்றார். இச்சட்டத்தை எதிர்த்து 1780 சூனில் இலண்டனில் பெருங்கலகம் வெடித்தது. வழிபாட்டிடங்களும் சிறைகளும் எரிக்கப்பட்டன. சில நூறு உயிர்கள் மாய்ந்தன. பர்க்கின் வீட்டிற்கும் ஆபத்து நேர்ந்தது. அவரோ கலகக்காரர் நடுவே தாமே நடந்து சென்றார்.

நான்கையும் உற்று நோக்குங்கள். பின்னைய மூன்றிலும் பர்க் பேசியது தமக்காக அன்று, பிரிஸ்டலில் வாக்கில்லாதவர்களுக்காக. அயர்லாந்து நெசவாளி, சிறையிலிருந்த கடனாளி, சமயத்தால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோரால் அவருக்கு ஒரு வாக்கும் கிட்டப்போவதில்லை என்பதை அவர் நன்கறிவார்.

தோல்வி

1780 செப்டம்பர் 6ஆம் நாள் பிரிஸ்டல் நகர மண்டபத்தில் அவர் தம் வாக்காளர்முன் நின்றார். நான்கு குற்றங்களையும் தாமே வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். மன்னிப்புக் கேட்கவில்லை, மாற்றிக்கொள்வதாக வாக்களிக்கவும் இல்லை. மக்கள் விருப்பத்திற்கு மாறாகத் தாம் நடந்தது உண்மை என்றும், மக்களின் நலத்திற்கு மாறாக நடந்ததில்லை என்றும் எடுத்துரைத்தார்.

வெற்றிக்கு வாய்ப்பில்லை என்பது விரைவில் தெளிவாயிற்று. அவ்வேளை எதிரணி வேட்பாளர் ஒருவர் திடீரென இறந்தார். செப்டம்பர் 9ஆம் நாள் பர்க் போட்டியிலிருந்து விலகினார். விலகும்போது, மறைந்த அப்போட்டியாளரை நினைந்து, மனித வாழ்வின் நிலையாமையைச் சில சொற்களில் உரைத்து, மாற்றாரை ஏசாமல் விடைபெற்றார். பின்னர் ராக்கிங்ஹாம் பிரபுவின் மால்ட்டன் தொகுதியே அவருக்கு இடமளித்தது. 1794 வரை அதன் உறுப்பினராக இருந்தார்.

கிரிக்லேடும் தஞ்சையும்

பர்க் தோற்ற அதே 1780 தேர்தலில் கிரிக்லேடு என்னும் சிறு தொகுதியில் பால் பென்ஃபீல்டு என்பவர் வென்றார். இப்பெயர் நமக்குப் புதிதன்று. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்து, ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குக் கடன் கொடுத்து, அக்கடனுக்காகத் தஞ்சைச் சீமையின் விளைச்சலின்மேலேயே உரிமை கொண்டாடியவர் அவர். நம் உழவர் நெல்லில் விளைந்த பணம் கடல் கடந்து ஒரு நாடாளுமன்ற இடத்தைப் பெற்றுத் தந்தது. கையூட்டுக்குப் பெயர்போன அத்தொகுதியின் வாக்காளர் எல்லையை 1782இல் தனிச்சட்டம் இயற்றி விரிவாக்க நேர்ந்தது.

மனச்சான்றோடு நின்றவர் தோற்றதும் பணத்தோடு நின்றவர் வென்றதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. கதை அதோடு முடியவில்லை. 1785 பிப்ரவரி 28ஆம் நாள், நவாபின் கடன்களை விசாரணையின்றி ஏற்க அரசு முனைந்தபோது பர்க் எழுந்து மணிக்கணக்காகப் பேசினார். ஐதர் அலியின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பால் தென்னாடு பாழானதையும் பஞ்சத்தால் மக்கள் மடிந்ததையும் விரித்துரைத்தார். அந்நிலத்தின் உயிர்நாடி ஏரிகளே என்றும், முன்னோர் வெட்டிய ஆயிரக்கணக்கான அந்நீர்நிலைகளைச் செப்பனிட வேண்டிய வருவாயைக் கடன்காரர் கொண்டுபோகின்றனர் என்றும் வாதிட்டார். பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே சாடினார். தம் வாழ்நாளில் இந்திய மண்ணை மிதித்தறியாத ஒருவர், நம் ஏரிக்கரைகளுக்காக இலண்டனில் வழக்காடினார். அன்று அவர் கோரிய விசாரணை கிடைக்கவில்லை. எனினும் கம்பெனி ஆட்சியின் கொடுமைகளை விடாமல் ஆராய்ந்து, வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788இல் விசாரணை தொடங்கச் செய்தார். 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். ஆயினும் ஆட்சியாளர் தொலைநாட்டு மக்களுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை அவ்வழக்கால் நிலைபெற்றது.

கைத்தூய்மையும் குறைகளும்

1782இல் படைச்சம்பளத் தலைமை அதிகாரி பதவி பர்க்குக்கு வந்தது. அதற்குமுன் அப்பதவியில் இருந்தோர் பொதுப்பணத்தைத் தம் கையில் வைத்து வட்டி ஈட்டிச் செல்வராயினர். பர்க் கடனில் உழன்றவர். இருந்தும் தாமே சட்டம் கொண்டுவந்து, அப்பணத்தை இங்கிலாந்து வங்கியில் வைக்கச் செய்து, பதவிக்கு 4000 பவுன் ஊதியம் மட்டுமே என வரையறுத்தார். தமக்கு வரவிருந்த வருவாயைத் தாமே தடுத்துக்கொண்ட செயல் அது.

இனிக் குறைகளையும் கூறவேண்டும். வாழ்த்துப்பா வாழ்க்கை வரலாறு ஆகாது. தொகுதிக்கு வராத குற்றத்திற்கு அவர் கூறிய விடை முழுநிறைவு தருவதன்று. ஆறாண்டில் அவர் பிரிஸ்டல் சென்றது மிகச் சில முறைகளே. மாறுபட்டு நடப்பவர் மற்றவரைவிட அடிக்கடி மக்களைச் சந்தித்துக் காரணம் சொல்ல வேண்டாவா? கடிதம் எழுதினார், நூல் எழுதினார். கடைத்தெருவில் நின்று பேசவில்லை. அறிவாளிகளுக்கு நேரும் பிழை இது.

பெரிய குறை மற்றொன்று. பிரிஸ்டலின் செல்வத்தில் அடிமை வணிகத்தின் கறையும் படிந்திருந்தது. பர்க் அவ்வணிகத்தை வெறுத்தவர். அதைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக ஒழிக்க 1780ஐ ஒட்டி ஒரு சட்ட வரைவும் எழுதினார். ஆனால் அதனை அமைச்சர் ஒருவருக்கு அனுப்பியது 1792இல்தான். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்சுக்கு அவர் துணைநின்றதும் 1789இல், பிரிஸ்டலை விட்டு நீங்கியபின். அந்நகரின் முகத்துக்கு நேரே கூறவேண்டிய உண்மைகளுள் கடுமையான ஒன்றை அவர் அங்கே முழக்கவில்லை. மேலும், வாக்குரிமையை விரிவாக்கும் முயற்சிகளையும் அவர் எதிர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் நூல் எழுதியபின் நெடுநாள் நண்பர் ஃபாக்ஸையும் இழந்தார். வாழ்வின் இறுதியில் அரசு ஓய்வூதியம் பெற்றதும் ஏச்சுக்கு இடமாயிற்று.

இறுதியும் எச்சமும்

1794இல் நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே ஒரே மகன் இறந்தான். அத்துயரிலிருந்து அவர் மீளவில்லை. 1797 சூலை 9ஆம் நாள் பீக்கன்ஸ்ஃபீல்டில் காலமானார். பெரியோர் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று ஃபாக்ஸ் முன்மொழிந்தார். எளிய அடக்கமே போதும் என்று பர்க் தம் இறுதி முறியில் எழுதியிருந்தமையால், ஊர்க் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1894இல் பிரிஸ்டல் நகரின் நடுவே பர்க்குக்குச் சிலை எழுந்தது. அவரைப் புறக்கணித்த ஊர் அவருக்குச் சிலை வைக்க நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அவ்வூர் எழுப்பிய கேள்விகளில் அயர்லாந்துக்கும் கடனாளிக்கும் கத்தோலிக்கருக்கும் பர்க் கூறிய விடைகளே சரியென்று காலம் தீர்ப்பளித்திருந்தது.

நல்ல வேட்பாளருக்கு இலக்கணம் என்ன? தொகுதியின் சிறு காரியத்தையும் தம் காரியமாகச் சுமத்தல். பொதுப்பணத்தில் கை படாதிருத்தல். வாக்கில்லாதவருக்காகவும் வாய் திறத்தல். மாறுபடும்போது மறைந்து கொள்ளாமல் மக்கள்முன் வந்து காரணம் கூறல். அதன்பின் தோல்வி வரினும் ஏற்றல். இவற்றுள் நான்காவதைப் பர்க் தாமதித்தே கற்றார். அதற்கு உரிய விலையையும் கொடுத்தார்.

இவ்விலக்கணம் வேட்பாளருக்கு மட்டும் உரியதன்று. பர்க்கைத் தோற்கடித்தவர்கள் தீயவர்கள் அல்லர். நம்மைப் போன்றே கடை நடத்தி, குடும்பம் காத்து, வரவு செலவு பார்த்த எளிய மனிதர்களே. தங்களுக்கு இனிக்காத உண்மையைச் சொன்னவரை அவர்கள் பொறுக்கவில்லை, அவ்வளவே. அடுத்த முறை நம் வாயிலுக்கு ஒருவர் வாக்குக் கேட்டு வரும்போது, அந்த மூன்றாவது கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம். கேட்டபின், அவர் சொல்லும் விடையைப் பொறுத்துக்கொள்ளவும் பழகுவோம்.